கழற்றிப் பூட்டக்கூடிய வாகனம்

பழைய ஹைலக்ஸ் ஒன்றை வாங்கிய கையோடு பெரிய ரயர் பூட்டப் போகாதீர்கள். இரும்பு பம்பர், கூரை நிறைய லைட், வின்ச் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த புதிதில் அந்த வாகனம் எப்படி ஓடியிருக்கும், பிறேக் பிடித்தால் எப்படி நின்றிருக்கும் என்று யோசித்து, முதலில் அந்த நிலைக்கு அதைக் கொண்டுவாருங்கள். அதற்கே ஒரு போகம், இரண்டு போகம் போய்விடும். காசும் போகும். ஆனால் அந்த வேலையைச் செய்யாமல் மேலே ஏற்றுகிற ஒவ்வொரு சாமானும் ஏற்கெனவே களைத்துப்போன ஏதோவொரு பாகத்தின் தலையில்தான் போய் விழும்.

இதைப் பற்றி என்னிடம் கேட்கிற ஆக்கள் கூடியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய டபுள் கெப்களுக்கு வந்த மவுசு இன்னும் இறங்கவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்கள் திரும்ப வரத் தொடங்கின. ஆனால் வரியையும் சேர்த்துப் பார்த்தால் புது பிக்கப் வயல் செய்கிறவனுக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஆகவே முப்பது வயது ஹைலக்ஸைத் தேடி வன்னி முழுக்க ஆக்கள் திரிகிறார்கள். வாங்கினவர்கள், "அடுத்தது என்ன செய்யலாம் அண்ணை?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது எல்.என். 106. 1988 முதல் 1997 வரை வந்த ஐந்தாம் தலைமுறை ஹைலக்ஸின் ஃபோர் வீல் டபுள் கெப். 3எல் டீசல் எஞ்சின், நாலு சிலிண்டர், 2779 சிசி. ரேர்போ இல்லை, கொமன் ரெயில் இல்லை, கம்பியூட்டர் இல்லை. வலு 90 குதிரைக்குக் கிட்ட. முன்னுக்கும் பின்னுக்கும் முழு அச்சு, நாலு மூலையிலும் தகட்டு ஸ்பிறிங். அமெரிக்காவுக்குப் போன ஹைலக்ஸுக்கு 1986 மொடலிலேயே முன்பக்கத்துக்குத் தனித்தனிச் சஸ்பென்ஷன் கொடுத்துவிட்டார்கள். இந்த எல்.என். 106க்குப் பழைய முழு அச்சே நீடித்தது. சொகுசு குறைவுதான். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் போகிற எங்களுக்கு அதைவிட நல்ல அமைப்பு வேறில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஹைலக்ஸ் என்றாலே 2003இல் பிபிசியின் டொப் கியர் நிகழ்ச்சி செய்த சோதனையைச் சொல்லாதவர் இல்லை. 1988ஆம் ஆண்டு டீசல் ஹைலக்ஸ் ஒன்றைக் கடலில் மூழ்கடித்தார்கள், தீ வைத்தார்கள், இடிக்கப்போகிற மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றிக் கட்டடத்தையே தகர்த்தார்கள். அதற்குப் பிறகும் எஞ்சின் ஸ்ரார்ட் ஆனது. "பார், இந்த வாகனம் பழுதாகாது" என்று அதைக் காட்டிச் சொல்கிறார்கள். பழுதாகும். அந்த நிகழ்ச்சியிலும் ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்குகள் உட்கார்ந்து வேலை செய்துதான் அதை எழுப்பினார்கள். சாதாரணக் கருவிகள் பாவிக்கலாம், புதுச் சாமான் எதுவும் போடக்கூடாது என்பது நிபந்தனை. எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது அந்த நிபந்தனைதான். புதுச் சாமான் இல்லாமல், நாலைந்து ஸ்பனரோடு ஒருவன் உயிர் கொடுக்கக்கூடிய மாதிரி அந்த வாகனத்தைச் செய்திருக்கிறார்கள்.

இந்த அருமை வடக்கில் இருக்கிற எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் அப்படித்தான் யாழ்ப்பாணத் தெருக்களில் உயிர் தப்பின. எங்கள் ஊர் பாஸ்மாரின் கை அந்தக் காலத்தில் பழகிய கை. கழற்றவும் பூட்டவும் கடையவும் ஒட்டவும் கூடிய எதையும் அவர்கள் கைவிடமாட்டார்கள். என் வாகனத்தைப் பார்க்கிற பாஸும் அந்தக் காலத்து ஆள்தான். ஆகவே ஒரு மேம்படுத்தலைப் பற்றி யோசிக்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதைப் பூட்டிய பிறகும் எங்கள் ஊர்க் கராச்சில் வைத்து இந்த வாகனத்தைக் கழற்றிப் பூட்ட முடியுமா?

சரி, வாங்குகிற இடத்திலிருந்து தொடங்குவோம். எஞ்சின் சத்தத்தைக் கேட்க முதல் வாகனத்துக்குக் கீழே படுங்கள். கையில் சின்னச் சுத்தியல் ஒன்று இருக்கட்டும். பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து போகிற இடத்தையும் பின் ஸ்பிறிங் தொங்குகிற இடத்தையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உக்கின இரும்பு சொத்தென்று சொல்லும். கரையோரத்தில் மீன் ஏற்றின வாகனமாக இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். மீன்பெட்டியின் ஐஸ் உருகி, உப்புத் தண்ணி பெட்டித்தளத்தின் இடுக்கு வழியாக வடிந்து, சட்டத்தின் குழாய்க்குள்ளே போய்த் தங்கும். வெளியே கறுப்புப் பெயின்ற் பளபளக்கும், உள்ளே சிவப்புத் தூள் கொட்டும். எஞ்சினும் கியர்பொக்ஸும் மாற்றலாம். சட்டம் உக்கிப்போன வாகனத்தை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், விட்டுவிட்டு வாருங்கள்.

எஞ்சினில் நான் முதலில் சொல்வது ரைமிங் பெல்ற். 3எல் எஞ்சினுக்குச் சங்கிலி இல்லை, றப்பர் பட்டிதான். கம்பனி சொன்ன கணக்கு 100,000 கிலோமீற்றர். முன்னைய சொந்தக்காரர் "போன வருஷம்தான் மாத்தினது" என்று சொன்னாலும் கவரைக் கழற்றிப் பாருங்கள். பழைய பெல்ற்றுக்கு மீற்றரைவிட வயதுதான் பெரிய எதிரி. ஓடாமல் நின்ற வாகனத்திலும் றப்பர் காயும், வெடிக்கும், ஒயில் பட்டால் ஊதும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், பிறகு ஹெட் கழற்றாமல் முடியாது. பெல்ற் மாற்றும்போது இழுவைப் பெயாரிங்கையும் கிராங்க் சீலையும் கேம் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். அந்தச் சீல்களில் ஒன்று கசிந்தால் புதுப் பெல்ற்றும் ஒயிலில் குளித்துவிடும்.

அடுத்தது சூடு. பழைய டீசல்களில் பாதி சூட்டில்தான் சாகின்றன. றேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணி விடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தண்ணியை ஒரு கேத்திலில் கொதிக்கவைத்துப் பார்த்தவர்களுக்கு அடியில் படிகிற வெள்ளைப் படை தெரியும். அதே படைதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் ஹெட்டின் தண்ணிப் பாதையிலும் படிகிறது. கூலன்ற் வாங்க வசதியில்லை என்றால் குறைந்தது காய்ச்சி வடித்த தண்ணியாவது விடுங்கள். துருவைத் தடுக்கிற மருந்து கூலன்ற்றில்தான் இருக்கிறது, ஆகவே இந்தச் செலவில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

இன்னொரு பழக்கம் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிவது. "வெயில் ஊருக்கு இது எதுக்கு?" என்று கேட்பார்கள். இந்த எஞ்சினில் அந்தச் சின்ன உருப்படிக்கு இரண்டு வேலை. எஞ்சின் சூடேறியதும் றேடியேற்றர் பக்கத்துப் பாதையைத் திறக்கும். அதே அசைவில், றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுகிற குறுக்குப் பாதையை மூடும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்குப் பாதை எப்போதும் திறந்தபடியே இருக்கும். கொதித்த தண்ணியில் ஒரு பங்கு றேடியேற்றரைக் காணாமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். சும்மா ஓடும்போது குளிராக இருக்கிற வாகனம், உமியோ மணலோ ஏற்றிக்கொண்டு மத்தியானத்தில் ஏறும்போது கொதிப்பது இதனால்தான். சூடு கூடுகிறதே என்று வருகிற ஆக்களிடம் நான் முதலில் கேட்பது, தேமோஸ்ரற் உள்ளே இருக்கிறதா என்று. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இல்லை.

அல்ரனேற்றரின் பின்பக்கத்தில் வக்கூம் பம்ப் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். டீசல் எஞ்சினுக்குத் தானாக வக்கூம் வராது என்பதால் பிறேக் பூஸ்ரருக்கு அதுதான் காற்றை உறிஞ்சிக் கொடுக்கிறது. அதன் ஒயில் சீல் போனால் அல்ரனேற்றருக்குள் ஒயில் இறங்கிச் சார்ஜ் குறையும், பிறேக் மிதியும் கல்லாக இறுகும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் பற்றறியையும் பிறேக்கையும் தனித்தனியாக நோண்டாமல் நேரே அந்தப் பம்பைப் பாருங்கள்.

டீசலில் தண்ணி வருவதும் எங்களுக்குப் பழக்கமான பிரச்சினை. 2022இல் கியூவில் நின்று, யூலையில் கியூஆர் முறை வந்து, கான்களில் சேர்த்துவைத்து ஊற்றிய காலத்தில் எத்தனையோ டீசல் பம்ப்கள் தண்ணி குடித்தன. ஃபில்ற்றருக்குக் கீழே தண்ணி பிரிகிற கிண்ணம் இருக்கிறது. அதன் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி, மேலே இருக்கிற கைப்பம்பை நாலு தரம் அமத்தினால் தண்ணி வெளியே வந்துவிடும். காசு ஒரு சதமும் தேவையில்லை. மாதத்தில் ஒருநாள் இதைச் செய்கிறவன் டீசல் பம்ப் வேலைக்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

இனி முன் அச்சு. எனக்கு இந்த வாகனத்தில் மிகவும் பிடித்த இடமும் இதுதான், ஆக்கள் மிகவும் கவனிக்காமல் விடுகிற இடமும் இதுதான்.

அறுபதில் போகும்போது ஸ்ரியரிங் கையில் துடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக என்ன செய்வார்கள்? சில்லு பலன்ஸ் பார்ப்பார்கள். பிறகு ரயர் மாற்றுவார்கள். பிறகு ஸ்ரியரிங் டாம்பர் புதிதாகப் போடுவார்கள். துடிப்பு கொஞ்ச நாள் அடங்கித் திரும்ப வரும். மூலகாரணம் பெரும்பாலும் சில்லுக்குப் பின்னால் இருக்கிற அந்த உருண்டையில் இருக்கிறது. முன் அச்சின் இரண்டு முனையிலும் உருண்டை ஒன்று, அதைச் சுற்றி ஒரு வார்ப்பு, மேலும் கீழும் ஒவ்வொரு கூம்புப் பெயாரிங். ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது சில்லு முழுக்க அந்த இரண்டு பெயாரிங்கில்தான் திரும்புகிறது. வருடக்கணக்காக நேரே ஓடி ஓடி, நடுவிடத்தில் மட்டும் பெயாரிங் பள்ளம் விழுந்து தேய்ந்துபோகும். பிடிமானம் தளரும். துடிப்பு அங்கிருந்து வருகிறது. டாம்பர் அதை மறைக்கிறது, அவ்வளவுதான்.

கழற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. பிறேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிறிங்கோடு கட்டிவிடுங்கள், குழாயில் தொங்கவிடக்கூடாது. ஃபிறீ வீல் ஹப்பின் ஆறு நட்டுகளையும் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் கீழே பிளவுள்ள கூம்பு வாசர் ஒன்று இறுகிக்கிடக்கும். ஸ்குறூட்றைவரால் நெம்பினால் வராது. நட்டை நுனியளவு திரும்பப் பூட்டிவிட்டு, பித்தளைக் கோலை ஸ்ரட்டின் முனையில் வைத்துத் தட்டவேண்டும். சரியாக ஒரு தட்டுப் போதும், கூம்பு 'டிக்' என்று விட்டுக்கொடுக்கும். அதற்குள்ளே 54 மில்லிமீற்றர் நட்டுகள் இரண்டு, நடுவில் மடித்த பூட்டு வாசர். இந்த நட்டுக்கு உரிய சொக்கற் ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள். உளியை வைத்து அடித்துத் திருப்பின நட்டுகளைத்தான் பழைய வாகனங்களில் அதிகம் காண்கிறேன். உளியால் இறுக்கின பெயாரிங் எவ்வளவு இறுக்கம் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாம் கழன்றபின் உருண்டைக்குள்ளே பாருங்கள். கறுப்புக் கிறீஸ் கெட்டியாக இருந்தால் நல்லது. சாம்பல் நிறக் கூழாக வடிந்தால் அச்சுக்குள் இருக்கிற சீல் போய்விட்டது, டிபரன்சியலின் ஒயில் வெளியே வந்து கிறீஸைக் கரைத்திருக்கிறது என்று அர்த்தம். பழுப்பாக, பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணியும் போயிருக்கிறது. வெளியே உருண்டையைத் துடைத்துக்கொண்டிருக்கிற வளையங்களையும், அதாவது கம்பளி, றப்பர், தகடு மூன்றையும், அதோடு மாற்றிவிடுங்கள். சேற்றைத் தடுப்பது அவைதான்.

பெயாரிங் மாற்றிப் பூட்டும்போது என் பாஸ் செய்கிற ஒன்றை எல்லாரும் பார்க்கவேண்டும். சீலும் ஆக்சிலும் போட முதல், வெறும் வார்ப்பை மட்டும் பூட்டி இறுக்குவார். பிறகு மீன்கடைக் கொழுவுத் தராசை எடுத்து, ஸ்ரியரிங் தடி கொழுவுகிற துளையில் மாட்டி, மெதுவாக இழுப்பார். வார்ப்பு அசையத் தொடங்கும்போது முள் 3 கிலோவுக்கும் 6 கிலோவுக்கும் இடையில் நிற்கவேண்டும். கம்பனிப் புத்தகத்தில் இருக்கிற கணக்கு அது. குறைவாக இருந்தால் மேலேயோ கீழேயோ இருக்கிற மெல்லிய தகடு ஒன்றை எடுப்பார், கூட இருந்தால் ஒன்று சேர்ப்பார். திரும்ப இறுக்கி, திரும்ப இழுப்பார்.

"கையால ஆட்டிப் பாத்தா விளங்காதா பாஸ்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விளங்கும் தம்பி. ஆனா என்ர கைக்கு இண்டைக்கு ஒரு கணக்கு, நாளைக்கு ஒரு கணக்கு. தராசுக்கு எண்டைக்கும் ஒண்டுதான்."

அந்த வேலை முடிந்து வெளியே எடுத்தபோது ஸ்ரியரிங் துடிப்பு முற்றாக நின்றிருந்தது. டாம்பர் பழையதே.

திறந்த இடத்தில் சிவி ஜொயின்ற்றையும் பாருங்கள். ஃபோர் வீலில் முழுக்கத் திருப்பும்போது கடகடவென்று சத்தம் வந்தால் அதன் குண்டுகள் ஓடுகிற பள்ளம் தேய்ந்திருக்கிறது. தேய்வு கொஞ்சம்தான் என்றால் இடப்பக்கத்து ஜொயின்ற்றை வலப்பக்கத்துக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடலாம். முன்னுக்குப் போகும்போது இதுவரை சுமை தாங்காத பக்கம் இனித் தாங்கும். காசில்லாமல் கிடைக்கிற ஆயுள் இது. பள்ளம் உடைந்திருந்தால் மட்டும் வேறு வாங்குங்கள். பெயாரிங், சீல் வாங்கும்போது பெட்டியைப் பார்த்து ஏமாறவேண்டாம், ஜப்பான் பெயர் அச்சடித்த போலிப் பெட்டிகள் நிறைய வருகின்றன. எழுத்து உருளையிலேயே கூர்மையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா, சுற்றும்போது சத்தமில்லாமல் சுற்றுகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

ஃபோர் வீலைப் பாவிக்காமல் வைத்திருப்பதும் பழுதுதான். மாதத்தில் குறைந்தது 16 கிலோமீற்றராவது ஹப்பைப் பூட்டி ஃபோர் வீலில் ஓடச்சொல்லிக் கம்பனிப் புத்தகம் சொல்கிறது. முன் அச்சுக்குள் ஒயில் சுற்றவேண்டும் என்பதற்காக. ஆனால் அதைக் கிரவல் றோட்டில் செய்யுங்கள். இந்த வாகனத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிபரன்சியல் கிடையாது. வளைவில் முன் சில்லுகள் கூடத் தூரம் ஓடவேண்டும், பின் சில்லுகள் குறைய ஓடவேண்டும். மண்ணில் சில்லு கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தார் றோட்டில் வழுக்க இடமில்லாமல் முறுக்கு முழுவதும் கியர்ப் பெட்டியிலும் சாஃப்ற்றிலும் ஏறும். ஏ9 வீதியில் ஃபோர் வீல் போட்டு ஓடுகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

பிறேக்குக்கு வருவோம். பின்னுக்கு ட்றம். ஹான்ட்பிறேக்கை இழுக்கும்போதுதான் பின் பிறேக்கின் இடைவெளி தானாகச் சரியாகும். இதற்காக ஒவ்வொரு பின் சில்லின் தட்டிலும் வெளியே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. வயல் சேறு அதில் காய்ந்து இறுகினால் நெம்புகோல் அசையாது, இடைவெளி கூடும், மிதி ஆழத்துக்குப் போகும். ஆக்கள் மாஸ்ரர் சிலிண்டரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டு நெம்புகோலையும் கழற்றி, துரு சுரண்டி, கிறீஸ் போட்டுப் பூட்டினால் மிதி மேலே வந்துவிடும்.

பின் அச்சிலிருந்து சட்டத்துக்கு ஒரு தடி போகிறதைக் கண்டிருப்பீர்கள். சுமைக்கு ஏற்றபடி பின் பிறேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வின் தடி அது. பெட்டியில் சுமை ஏற வாகனம் பதியும், தடி மேலே போகும், பின் பிறேக்குக்கு அழுத்தம் கூடும். ஸ்பிறிங் தகடு கூட்டியோ கட்டை வைத்தோ பின்பக்கத்தை உயர்த்தினீர்கள் என்றால் வால்வுக்குப் பெட்டி எப்போதும் வெறுமையாக இருப்பதாகத்தான் தெரியும். 1000 கிலோ நெல்லோடு பிறேக் அடிக்கும்போது பின் சில்லுகள் பாதி வேலையைத்தான் செய்யும். பெயர்போன கராச்சில் உயர்த்திய வாகனங்களிலும் இந்தத் தடி தொடப்படாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உயர்த்தினால் தடியின் பிடியையும் அதே அளவுக்கு உயர்த்தவேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்ட விசயம்.

இவ்வளவும் முடிந்தபிறகு மேம்படுத்தல்களைப் பற்றிக் கதைக்கலாம். நான் செய்தவற்றில் மிகவும் மலிவானதும் மிகவும் பிரயோசனமானதும் அச்சின் மூச்சுக்குழாய். அச்சு ஓடி ஓடிச் சூடாகும், உள்ளே காற்று விரியும். அதை வெளியே விட மேலே ஒரு சின்ன மூடி இருக்கிறது. மாரியில் தாம்போதியைக் கடக்கும்போது சூடான அச்சு சட்டென்று தண்ணிக்குள் இறங்கிக் குளிரும். உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, மூடி வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணியை உறிஞ்சும். அந்த மூடியை எடுத்துவிட்டு எரிபொருள் குழாயை நீளமாகப் பூட்டி, முன்னுக்கு எஞ்சின் அறையின் உச்சிக்கும் பின்னுக்குப் பெட்டியின் மூலைக்கும் கொண்டுபோய் வையுங்கள். மாரி முடிந்து டிபரன்சியல் ஒயிலை இறக்கிப் பார்க்கும்போது அது பால் நிறமாக இல்லாமல் வரும்.

அடுத்தது ஹெட்லைட். பழைய வயறிங்கில் லைட்டுக்குப் போகிற கரண்ட் முழுக்க ஸ்ரியரிங் பக்கத்துச் சுவிச் வழியாகச் சுற்றி வருகிறது. முப்பது வருடத்தில் சுவிச்சின் முனைகள் கருகி, லைட்டில் வோல்ற் குறைந்து, மஞ்சளாக எரியும். பற்றறியிலிருந்து தடித்த வயர், ஃபியூஸ், இரண்டு றிலே. சுவிச் றிலேயை மட்டும் இயக்கினால் போதும். அதே 60/55 வற் பல்ப் புது லைட் மாதிரி எரியும். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இரவில் ஓடுகிறவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும், இருட்டில் றோட்டில் நிற்கிற யானை லைட் சரியாக இல்லாவிட்டால் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். எதிரே வருகிறவன் கண்ணைக் குத்துகிற எல்ஈடி பட்டையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ரயரில் அளவோடு நிற்பது நல்லது. என்னிடம் 205 ஆர் 16 இருந்தது. 31 அங்குல ரயர் போட்டால் விட்டம் ஆறு, ஏழு வீதம் கூடும். மீற்றர் 60 காட்டும்போது நீங்கள் 64இல் போவீர்கள். ஏற்கெனவே 90 குதிரை மட்டும் இருக்கிற எஞ்சினுக்கு எல்லாக் கியரும் கடினமாகும், பிறேக்குக்கும் பெயாரிங்குக்கும் சுமை கூடும். சேற்றுக்கு அகலத்தைவிட நல்ல பல்லுள்ள ஒடுக்கமான ரயர் எங்கள் வயல் பாதைகளில் நன்றாகப் பிடிக்கிறது, மேல் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கிற கடினத் தரையைத் தொடும். லோ கியரில் 2.28 மடங்கு குறைப்பு இருக்கிறது. அதை நம்பி மெதுவாகப் போனாலே பாதி இடத்தைக் கடந்துவிடலாம்.

ரேர்போ பூட்டச் சொல்லி அடிக்கடி கேட்கிறார்கள். 3எல்லுக்குப் பூட்டலாம், இழுவை கூடும் என்பதும் உண்மை. ஆனால் இந்தக் குடும்பத்தில் ரேர்போவோடு வந்த 2எல்-டி எஞ்சின் ஹெட் வெடிப்புக்குப் பெயர் எடுத்தது. பழைய றேடியேற்றர், பழைய ஹெட், பழைய கிளச்சோடு இருக்கிற எஞ்சினுக்கு மேலே அந்தச் சூட்டை ஏற்றச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வலு போதாது என்கிறவர்களுக்கு என் பதில் 5எல். அதே குடும்பத்து எஞ்சின், 2986 சிசி, ரேர்போ இல்லை. 3எல் இருந்த இடத்தில் பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் உட்காரும், எங்கள் பாஸ்மாருக்கு அது புதிதும் இல்லை. எஞ்சின் நம்பர் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புத்தகத்தைத் திருத்துகிற வேலையை அன்றைக்கே செய்துவிடுங்கள், பிறகு விற்கப்போகும்போது அலையவேண்டி வரும். வலு கூட்டுகிறேன் என்று டீசல் பம்பின் திருகைத் திருப்பிப் புகை விடுகிற வேலை வேண்டாம். வருடாந்தப் புகைச் சோதனையில் நிற்பது ஒருபக்கம், ஊருக்குள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகத்தில் அந்தப் புகை போகிறது.

கம்பியூட்டர் எஞ்சின்களை மாற்றிப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 1கேஇசட்-டிஇ போன்றவை நல்ல எஞ்சின்கள், இழுவையில் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டுசுட்டானுக்கு அங்கால் காட்டுப் பாதையில் ஒரு சென்சர் போய் நிற்கும்போது ஸ்பனரால் ஒன்றும் செய்யமுடியாது. 3எல்லுக்கு டீசலும் காற்றும் வந்தால் போதும், ஓடும். அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

காலபோகத்துக்கு முதல் என் வாகனத்தில் மிச்சமிருப்பது பின் ஸ்பிறிங்கின் பின்களும் புஷ்களும். பழைய புஷ்கள் முட்டை வடிவத்தில் தேய்ந்துவிட்டன, கிரவல் றோட்டில் பின்பக்கம் நடக்கிறது. பஞ்சிகாவத்தையிலிருந்து புது புஷ்கள் வந்துவிட்டன. பின்களை இங்கேயே லேத்தில் கடையக் கொடுத்திருக்கிறேன், நடுவில் துளை போட்டு முனையில் கிறீஸ் நிப்பிள் வைக்கிற மாதிரி. பூட்டிய பிறகு பின்பக்கத்தின் உயரத்தை அளந்து, அந்தப் பிறேக் வால்வின் தடியைத் திரும்பச் சரிபார்க்கவேண்டும். அளவுகளையும் படங்களையும் அடுத்த பதிவில் போடுகிறேன். எல்.என். 106 வைத்திருக்கிறவர்கள் அதே அளவில் கடைந்துகொள்ளலாம்.